வீட்டு வண்டிக்குப் பிரேக் வைத்தது

அன்றைக்கு எண்ணூர் யார்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபோர்மேன் துரைராஜ் இருந்தார், கையில் டீ கிளாசோடு. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி நிர்மலா மேடம் இருந்தார். டூல்ஸ் லாரியின் ஸ்டியரிங்கில் டிரைவர் தேவராஜ். சமையல்காரர் குப்புராஜ், தோளில் ஈரத் துண்டோடு. கட்டை போடும் காஜா, தன் கட்டையைத் தரையில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு நான், பிரேக் மெக்கானிக் ஸ்டீபன்.

வீட்டு வண்டிக்கு நான் வைத்த பிரேக்கைச் சரிவில் நிறுத்திப் பார்க்கிற நாள் அது. பிரேக் பிடித்தால் காஜாவின் வேலை போய்விடும். அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும். காஜாவுக்கும் தெரியும்.

வீட்டு வண்டி என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுடையது பெரிய லோடு அடிக்கிற கம்பெனி. துறைமுகத்தில் இறங்கும் டிரான்ஸ்பார்மர், பாய்லர் மாதிரி சாமான்களை மின் நிலையங்களுக்குக் கொண்டுபோய் இறக்குவோம். அந்த லோடு ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். மாதக்கணக்கில் ரோட்டிலேயே கிடக்க வேண்டும். லாட்ஜ் எல்லாம் கிடையாது. பழைய டிரெய்லர் சேசிஸ் மேல் தகரத்தில் ஒரு வீடு கட்டி, உள்ளே அடுக்குப் படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து, டூல்ஸ் லாரிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவோம். அதுதான் வீட்டு வண்டி. ஆட்கள் வூட்டு வண்டி என்பார்கள்.

அதற்குப் பிரேக் கிடையாது. லாரி நின்றால் அதுவும் நிற்கும். மேட்டில் நிற்க வேண்டுமானால் கட்டைதான். கருவேலங்கட்டையை முக்கோணமாகச் செதுக்கிக் கயிறு கட்டி, தோளில் போட்டுக்கொண்டு, காஜா பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வருவார். லாரி நின்றதும் கட்டை சக்கரத்துக்கு அடியில் இருக்கும். "கட்டே" என்று கத்துவார். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் டிரைவர் பெடலிலிருந்து காலை எடுப்பார். வண்டி நின்றபிறகும் காஜா நகர மாட்டார். பின்பக்கம் நிழல் விழுகிறதென்று யாராவது போய் உட்கார்ந்தால் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு விரட்டுவார். "எந்திரி, எந்திரி, உங்கப்பன் கட்ன வூடா இது?" என்பார். ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தாலும் அதே பேச்சுதான்.

ஒரு மழைநாளில் கட்டை வழுக்கி அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் போயின. ஆறியதும் அதே வேலைக்கு வந்தார். வேறு வேலைக்கு அந்தக் கால் உதவாது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏழாவது வரை படித்தேன். ராயபுரத்தில் வீடு. தண்டையார்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டில் சேர்த்துவிட்டார்கள். முதல் சில வருஷம் மண்ணெண்ணெயில் பிரேக் டிரம் கழுவுவதுதான் வேலை. டிரம்மில் உரசித் தேயும் லைனிங்கின் தூசி மூக்கில் ஏறும். அப்போது வந்த இருமல் இன்னும் போகவில்லை. தொழில் கைக்கு வந்ததும் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். துரைராஜ் ஓய்வு பெறும்வரை அவருக்குக் கீழேதான் வேலை செய்தேன்.

துரைராஜ் சத்தம் போட மாட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார். பிரேக் வேலை முடிந்ததென்று போய்ச் சொன்னால் இஞ்சினை ஓடவிட்டுப் பிரேக் டேங்கில் காற்றை நிரப்பச் சொல்வார். நிரம்பியதும் இஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு டீ வாங்கிவரச் சொல்வார். அதை மட்கார்டு மேல் வைத்து வைத்து அவசரமில்லாமல் குடிப்பார். குடித்து முடித்தபிறகுதான் காற்று மீட்டரைப் பார்ப்பார். முள் இறங்காமல் இருந்தால் காலி கிளாசை நம் கையில் கொடுப்பார். வேலை தேறியது என்று அர்த்தம். இறங்கியிருந்தால் கிளாசைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கடையில் வைத்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவார். எங்கே கசிகிறதென்று சொல்ல மாட்டார். சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகத் தடவி, குமிழி எங்கே வருகிறதென்று நாம்தான் தேட வேண்டும். கிளாஸ் நம் கைக்கு வரவில்லையென்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஒருநாள் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஸ்டீபன், வீட்டு வண்டிக்குப் பிரேக் வைக்கணும்."

"எதுக்கு சார் இப்போ?"

"மலைப்பாதை வேலை ஒண்ணு வந்திருக்கு. இழுத்துட்டு வர்ற எல்லா வண்டிக்கும் பிரேக் இருந்தாத்தான் உள்ளே விடுவோம்னு சொல்லிட்டாங்க."

"காஜா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நீ வண்டியைப் பாரு" என்றார்.

பார்த்தேன். பழைய ஆக்சில் இரண்டையும் இறக்கிவிட்டு, கண்டெய்னர் டிரெய்லரில் இருந்து எடுத்த ஆக்சில் இரண்டை வாங்கி வைத்தோம். டிரம் ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினேன். கோயில் மணி மாதிரி சத்தம் நின்று வந்தால் நல்ல டிரம். சத்தம் உடனே செத்துப்போனால் எங்கேயோ விரிசல் இருக்கிறது. ஒரு டிரம் அப்படிச் செத்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒதுக்கிவிட்டு வேறு வாங்கினோம். புது லைனிங் வைத்து ரிவிட் அடித்தேன். ரிவிட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் லைனிங் நடுவில் உப்பிக்கொள்ளும். காற்று டேங்கைச் சேசிஸுக்கு அடியில் மாட்டினேன். லாரியிலிருந்து வரும் இரண்டு ஏர் பைப்புக்கும் வேறு வேறு நிறம் பூசினேன்.

லோடு இல்லாததால் காஜா அப்போது யார்டில் சும்மா இருந்தார். தானாக வந்து எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். குப்புராஜும் வந்து உட்காருவார். சடையங்குப்பத்துக்காரர். காஜாவுக்கும் அவருக்கும் அப்படி ஒரு தோஸ்து. ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பார்கள். பானையின் அடியில் தீய்ந்த சோற்றைக் காஜாவுக்கென்று சுரண்டி எடுத்துவைப்பார். காஜாவுக்கு அதுதான் பிடிக்கும்.

சக்கரத்துக்கு ஒன்றாகப் பிரேக் சேம்பரை மாட்டும்போது காஜா அதைத் தட்டிப் பார்த்தார்.

"இது இன்னாண்ணே, குண்டான் மாதிரி கீது?"

"உள்ள பெரிய ஸ்பிரிங்கு கீது. காத்து இருக்கிற வரைக்கும் ஸ்பிரிங்கு அமுங்கிக்கினு கெடக்கும், சக்கரம் சுத்தும். காத்து பூட்டுதுன்னா ஸ்பிரிங்கு தள்ளும். பிரேக்கு புடிச்சுக்கும்."

"யாரும் ஒண்ணும் பண்ணத் தாவல?"

"தாவல."

"துன்னாம, தூங்காம, தானே புடிச்சுக்கும்?"

"ஆமா."

"அப்ப நானு?"

நான் நட்டை முறுக்கினேன். குப்புராஜ்தான் பதில் சொன்னார்.

"அவரை இன்னாடா கேக்குற, அவரு மொதலாளியா? நீ எங்கூட வந்து வெங்காயம் உரி."

"ஒன் சோத்த துன்னுட்டு நடக்கறதே பேஜாரு. இதுல வெங்காயம் வேற."

"எட்டுத் தட்டு துன்றப்போ தெரிலயா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். காஜா கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சேம்பரின் பின்னாலும் ஒரு ஓட்டை இருக்கும். காற்றே ஏறாமல் வண்டி எங்கேயாவது நின்றுவிட்டால், அந்த ஓட்டையில் ஒரு நீள போல்ட்டை விட்டு நட்டை இறுக்க வேண்டும். ஸ்பிரிங் சுருங்கும், பிரேக் விட்டுவிடும், வண்டியை ஒர்க் ஷாப்புக்கு இழுத்துவரலாம். அதற்கு மட்டும்தான் அந்த போல்ட். வந்து சேர்ந்ததும் கழற்றிவிட வேண்டும்.

சோதனை நாளில் தேவராஜ் வீட்டு வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். உள்ளே பாரத்துக்குத் தண்ணீர் டிரம் ஏற்றியிருந்தோம். லாரியைக் கழற்றி முன்னால் கொண்டுபோனார். வண்டி நின்றது. துரைராஜ் டீயைக் குடித்தார். குடித்து முடித்ததும், டேங்கின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து மிச்சக் காற்றையும் வெளியே விடச் சொன்னார். விட்டேன். வண்டி அசையவில்லை. வெறும் ஸ்பிரிங்கிலேயே நின்றது.

காலி கிளாசை என் கையில் கொடுத்தார். நான் காஜாவைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

"கட்டையும் ஒரு ஆளும் கூட இருக்கட்டும் மேடம்" என்றார் துரைராஜ்.

"எதுக்கு சார்? பிரேக் நிக்குதில்ல?"

"நிக்குது."

"ஓடுற சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு மனுஷன் நடந்து வர்றார் சார். இந்தக் கம்பெனியிலயே பெரிய ஆபத்து அதுதான். அவருக்கு ஏற்கெனவே ரெண்டு விரல் போயிருக்கு. அடுத்து கால் போகும். அப்போ நீங்களும் நானும்தான் அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கணும்."

மேடம் சொன்னது சரி.

காஜா எழுந்தார். "என் காலு மேடம். நான் பாத்துக்கிறேன்."

"முடியாதுண்ணா." நேராக அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். கேட்டில் வாட்ச்மேன் வேலைக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். கேட்டார். வாட்ச்மேன் வைக்கிற காண்டிராக்டர் காலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்.

காஜா போகும்போது கட்டையை என் காலடியில் போட்டார்.

"நீயே வச்சுக்க. நாசமாப் போவ ஒன் பிரேக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிறகு காசிமேட்டில் போட்டுகளுக்கு ஐஸ் ஏற்றப் போனார். எந்நேரமும் தண்ணீரில் நிற்கிற வேலை. காலில் புண் வந்தது. உப்புத் தண்ணீரில் அது ஆறவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எண்ணூருக்கு பஸ் ஏறி யார்டு கேட்டுக்கு வருவார். நான் வெளியே போவேன்.

"இன்னாண்ணே, ஒன் பிரேக்கு எப்டி கீது?"

"நல்லாத்தான் கீது."

"இன்னும் கெடல?"

"இல்ல."

"சே. கலீஜ் பிரேக்கு, கெட்டாவது தொலையுதா பாரு."

குப்புராஜ் உள்ளேயிருந்து தூக்குச் சட்டியோடு வருவார். "பிரேக்கு கெடறதுக்குள்ள சோறு கெட்டுப் பூடும். குந்தி துன்னு" என்பார். கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். வாரா வாரம் இதே கேள்விதான், இதே பதில்தான். விளையாட்டுக்குக் கேட்பது மாதிரி இருக்கும். ஆனால் பதில் சொல்லும்வரை அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மலைப்பாதை வேலைக்கு வண்டிகள் புறப்பட்டுப் போயின. நான் போகவில்லை. யார்டில் வேறு வண்டி பிரித்துக் கிடந்தது. போனவர்கள் மலையடிவாரத்தைத் தாண்டியபிறகு ஒரு மத்தியானம் தேவராஜ் போன் செய்தார். துரைராஜ் எடுத்தார். கேட்டார். போனை வைத்தார்.

"குப்பு போயிட்டான்" என்றார். "வீட்டு வண்டி பின்னால உருண்டிருக்கு."

துரைராஜ், நிர்மலா மேடம், நான் மூன்று பேரும் ஜீப்பில் போனோம். வழியில் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிரேக்தானா என்று. பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

வண்டி ரோட்டோரப் பாறையில் முட்டி நின்றிருந்தது. குப்புராஜைக் கொண்டுபோயிருந்தார்கள். அரிசி ரோடெல்லாம் சிதறியிருந்தது. அதன்மேல் நடக்காமல் சுற்றிப் போனோம்.

நான் அடியில் படுத்தேன். மேடமும் அந்த ரோட்டிலேயே படுத்து எனக்குப் பின்னால் ஊர்ந்து வந்தார். டிரம் நன்றாக இருந்தது. லைனிங்கில் பாதிகூடத் தேயவில்லை. நான் வைத்த அளவு அப்படியே இருந்தது. பிறகு சேம்பரின் பின்பக்கம் கையை விட்டேன். போல்ட் முனை கையில் பட்டது. நட்டு முழுக்க இறுக்கியிருந்தது. அடுத்ததைப் பார்த்தேன். அதிலும் போல்ட். எல்லாவற்றிலும் இருந்தது. மேடம் டார்ச்சை அடித்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்து துரைராஜிடம் சொன்னேன். அவர் தேவராஜைக் கூப்பிட்டார்.

"போல்ட்டு யாருப்பா போட்டது?"

"நான்தான் சார்" என்றார் தேவராஜ். மறைக்கவில்லை. "ராவெல்லாம் நின்னா காலைல காத்து இருக்கறதில்ல. காத்து ஏர்ற வரைக்கும் வூட்டு வண்டி நவுறாது. ரோட்டுல போவ போலீசு குடுக்கிற டைமே கொஞ்சூண்டு சார். பெரிய லோடு முன்னால போயினே கீது, நாங்க அங்கியே நிக்கிறோம். அதான் போட்டேன். அல்லாரும் போடறதுதான சார்."

"கழட்டலையா?"

"ஓடறப்போ பிரேக்கு புடிச்சிச்சு சார். கழட்டணும்னே தோணல."

அவர் சொன்னதும் உண்மை. போல்ட் போட்டிருந்தாலும், லாரி மாட்டியிருக்கும்போது பெடலை அழுத்தினால் காற்றில் பிரேக் பிடிக்கும். ஓடுகிறவரை ஒரு வித்தியாசமும் தெரியாது. நிற்கும்போதுதான் ஸ்பிரிங் வேண்டும். அந்த ஸ்பிரிங்கைத்தான் கட்டிப் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கு மத்தியானம் முன்னால் லோடுக்கு ஏதோ சாமான் தேவைப்பட்டிருக்கிறது. வீட்டு வண்டியைச் சரிவிலேயே கழற்றிவிட்டு டூல்ஸ் லாரி மேலே போயிருக்கிறது. முன்பென்றால் கட்டை போடாமல் கழற்ற மாட்டார்கள். ஒரு கல்லாவது வைப்பார்கள். இப்போதுதான் பிரேக் இருக்கிறதே. கழற்றியதும் டேங்கில் மிச்சம் இருந்த காற்றே பிரேக்கை அழுத்தி வண்டியைப் பிடித்துக்கொண்டது. நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். நல்ல வெயில். வண்டிக்குப் பின்னால் மட்டும்தான் நிழல். குப்புராஜ் அரிசியை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து கல் பொறுக்கியிருக்கிறார். டேங்கில் இருந்த காற்று மெதுவாகக் கசிந்து தீர்ந்திருக்கிறது.

துரைராஜ் தேவராஜை ஒன்றும் திட்டவில்லை. ரோட்டில் கிடந்த முறத்தை எடுத்துத் தட்டி வண்டிக்குள் வைத்தார். நான்கு போல்ட்டையும் கழற்றி என் பையில் போடச் சொன்னார். போலீஸ் வந்ததும் அவர்களிடம் கொடுத்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை காஜா கேட்டுக்கு வந்தார். நான் வெளியே போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கண்டெய்னர் லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். துறைமுகம் வரைக்கும் வரிசை நின்றது.

"அங்க அவன் குந்தமாட்டாண்ணே" என்றார். "நான் குந்த வுட்டதேயில்ல."

"ஆமா."

"பிரேக்கத்தான் கெட்டுப் போவணும்னு கேட்டுகினு இருந்தேன். பிரேக்கத்தாண்ணே சொன்னேன்."

"பிரேக்கு கெடல காஜா."

"இன்னா?"

"கெடல. நல்லாத்தான் இருந்திச்சு. போல்ட்டு போட்டுட்டாங்க."

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. அதில் போய் முகத்தைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நிர்மலா மேடம் புது விதி எழுதினார். வீட்டு வண்டிக்கு இரண்டு கட்டைக்காரர்கள். வண்டி ஓடும்போது பக்கத்தில் நடக்கக் கூடாது. நின்றபிறகு, நீளக் கழி மாட்டிய கட்டையை எட்டி நின்று தள்ள வேண்டும். கட்டை போடாமல் லாரியைக் கழற்றக் கூடாது. வண்டிக்குப் பின்னால் யாரும் உட்காரக் கூடாது. விதியை எழுதி முடித்துத் துரைராஜிடம் படித்துக் காட்டினார். அவர் தலையை ஆட்டினார்.

காஜாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். புண் கட்டிய காலோடு வந்தார்.

"காஜா, திங்கக்கிழமையிலேர்ந்து வா" என்றார் துரைராஜ்.

"இன்னா வேலைக்கு சார்?"

"கட்டை."

காஜா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "குப்பு சம்சாரம் இன்னா நெனைக்கும் சார்?"

துரைராஜ் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"வர்றதா இருந்தா வா" என்றார்.

திங்கட்கிழமை வந்தார். வேறு வழி இல்லை. புதுச் சமையல்காரர் போட்ட சோற்றைச் சாப்பிடவில்லை. டிபன் பாக்சில் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். லோடு போகும்போது ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டார். வீட்டு வண்டிக்குள் படுக்கவில்லை. லாரிக்கு அடியில் தார்ப்பாய் விரித்துக்கொண்டார். கட்டை போட்டதும் கத்துகிற பழக்கமும் நின்றுவிட்டது. கழியைத் தட்டுவார், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் சேம்பருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சர்க்கரை வந்து அந்தக் காலை எடுக்கும்வரை வேலை செய்தார்.

துரைராஜ் ஓய்வு பெற்றார். பிறகு நானும் பெற்றேன்.

போன மாதம் யார்டிலிருந்து இப்போதைய ஃபோர்மேன் போன் செய்தார். புதிதாக வருகிற வீட்டு வண்டிகளில் கம்ப்யூட்டர் பிரேக்காம். போல்ட் போட்டிருந்தால் டிரைவர் கேபினில் மணி அடிக்குமாம். இழுக்கவே விடாதாம். அதனால் கட்டைக்காரர்களை எடுத்துவிடலாமா என்று ஆபீசில் கேட்கிறார்களாம். அவர் பதில் எழுத வேண்டும்.

"நீங்க இன்னாண்ணே சொல்றீங்க?" என்றார்.

கட்டைக்காரர்கள் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லி எண்ணினார்.

பன்னிரண்டு.